கொக்கியின் பலகையும் என் வெற்றிலைப் பெட்டியும்

உலகத்தில் இருக்கிற மனிதர்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்களில் யாரைப் பக்கத்து வீட்டில் குடிவைக்கவே கூடாது என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் லயத்துக் கொக்கியைக் காட்டுவேன். கேமரன் மலையில் எத்தனையோ தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அத்தனை தோட்டத்திலும் வரிசை வீடுகளாக எத்தனையோ லயம் இருக்கிறது. அந்த மனுஷனுக்கு என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தானா இடம் கிடைக்க வேண்டும்?

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஐசி அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வந்ததில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். நாம் குடிக்கத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள் சுவரில் ஒரு கொக்கி ஏறியிருக்கும். குடைக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று, வெங்காயப் பைக்கு ஒன்று. என் வீட்டில் கொக்கிகளை அடித்துவிட்டுப் போனபிறகுதான் அவற்றில் மாட்டுவதற்குச் சாமான் தேடினேன். கடைசியில் ஒன்றில் காலண்டரையும் இன்னொன்றில் போன வருஷத்துக் காலண்டரையும் மாட்டி வைத்தேன்.

தேயிலைப் பேக்டரியில் மெஷின் பூட்டுகிற பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேக்டரியில் இருந்தவரைக்கும் மெஷின்கள் பட்ட பாட்டை, ஓய்வுக்குப் பிறகு நாங்கள் பட்டோம். சம்சாரம் தவறிவிட்டது. என்னைவிட இளையவர், அதனால் என்னை அக்கா என்பார். எங்கள் லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர் அந்தப் பக்கம் நின்று தும்மினால் இந்தப் பக்கம் என் விளக்குத் திரி ஆடும். பேச ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்.

பேச்செல்லாம் சாமான்களைப் பற்றித்தான். சிலர் சாமியைப் பற்றிப் பேசுவார்கள், சிலர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். கொக்கி ஊக்கைப் பற்றிப் பேசுவார். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் வந்து நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சேலைக்குக் குத்துகிற சாதாரண ஊக்கு.

"அக்கா, இதைப் பாருங்க. குத்துற சாமானுக்குத் தலையில தொப்பி போட்டு, குத்தாத சாமானா ஆக்கி வச்சிருக்கான். எவ்ளோ மூளை பாருங்க. யாரு யோசிச்சிருப்பா?"

"யாரோ பொம்பளையா இருக்கும். அவளுக்காச்சும் வேலை இருந்துச்சு. ஒனக்கு இல்லையா?"

அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஊக்கை மூடி, திறந்து, மூடி, சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கீழ் லயத்தில் பழைய கங்காணி ஒருவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க எல்லாரும் போயிருந்தோம். வாடகைக்கு மடக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார்கள். கொக்கி உட்காரவில்லை. நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி, கால் மடங்குகிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் விளக்க ஆரம்பித்தார். உட்காருகிறவன் எடையே அதைப் பூட்டுகிறதாம், எழுந்தால்தான் மடக்க முடியுமாம். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிணத்தின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த கங்காணியின் சம்சாரமே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்தி, "எங்க, இன்னொரு வாட்டி மடக்குங்க" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்தவர்கள் துக்கத்தில் அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்கள்.

பிரிஞ்சாங்கில் பாசார் மாலாம் கூடுகிற நாளெல்லாம் அவருக்குத் தீபாவளிதான். மற்றவர்கள் அந்தச் சந்தையிலிருந்து ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கி வருவார்கள். இவர், முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கருவை மட்டும் வாயால் உறிஞ்சி எடுக்கிற ரப்பர் மீன் ஒன்றை வாங்கி வந்தார். மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை என்ன செய்வது என்று கேட்டேன். அதைச் சந்தைக்காரன் சொல்லவில்லை என்றார். எலுமிச்சம்பழத்தில் திருகிச் செருகினால் சாறு தூவுகிற குழாய், மடக்கினால் தட்டாகிற வாளி, ஓட்டைபோட்ட எண்ணெய்ப் பைக்குப் போடுகிற மூக்கு என்று ஒவ்வொன்றும் என் அடுப்படிக்கு வந்து, என் முன்னால் நடித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் வீட்டு அலமாரிக்குப் போகும். எதையும் அவர் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. ரசிப்பதோடு சரி.

ரசிப்பதோடு நிறுத்தியிருந்தால் என் மஞ்சள் பட்டு தப்பித்திருக்கும்.

எங்கள் மலையில் பனி இறங்கிவிட்டால் துணி காயாது. காலையில் போட்ட சேலை மாலையில் இன்னும் ஈரமாக இருக்கும். பேக்டரியில் பச்சை இலையைக் கம்பிவலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். இலை வாடும்போது துணி வாடாதா என்று கொக்கிக்கு ஞானம் வந்துவிட்டது. ஒரு பெரிய பழப்பெட்டி, மேலே கோழிக்கூட்டு வலை, அடியில் எங்கிருந்தோ கழற்றி வந்த காற்றாடி. கோவில் திருவிழாவுக்கு முந்தின நாள் என் பட்டுச் சேலையைத் துவைத்துக் கையில் பிழிந்து வைத்திருந்தேன். குடுங்க அக்கா என்று வாங்கிக்கொண்டுபோனார். நானும் கொடுத்தேன், புத்தி கெட்டுப்போய்.

காற்றாடியைத் தட்டியதும் சேலை வாடவில்லை, எழுந்தது. எழுந்து, தன் நீளம் முழுவதையும் எல்லாருக்கும் காட்டிவிட்டு, வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்விட்டது. இலை வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் தம்பி ஒருவன் அதைச் சுருட்டிக்கொண்டு மேலேறி வந்தான். ஏதோ பெரிய வீட்டுக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். கொக்கி அதை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"காத்து பத்தாதோன்னு பயந்தேன் அக்கா. பத்துது."

அதற்குப் பிறகு நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். சுவர்மேலாகக் கேட்டால் பதில் சொல்வதில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. அப்போது பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள்தான் படித்தேன். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், நிதானமாக எழுதவும் செய்வேன். லயத்தில் என் வயதுப் பெண்களில் அது என் ஒருத்திக்குத்தான் வரும். கோவில் நோட்டீஸ் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாரப் பத்திரிகை வந்தால் நான் சத்தமாக வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதனால் எனக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்று ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. நான் ஏற்படுத்தவில்லை. ஏற்பட்டதை அழிக்கவும் இல்லை. மலாய் நன்றாகப் பேசுவேன். ஆனால் அதை எழுதுகிற இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் தருகிற மருந்துப் பைமேல் ஒட்டியிருப்பதெல்லாம் அந்த எழுத்துதான்.

காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது இருமல் சத்தம் கேட்டு, கொக்கி பின்வாசல் வழியாக வந்துவிட்டார். எழுந்து துரத்த எனக்குத் தெம்பில்லை. தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்துத் தேயிலைத்தூள் டப்பாவைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஒரு மருந்துப் பை ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கரண்டியை எடுக்கப் போனார். சோறு அள்ளுகிற கரண்டியின் காம்பில் இன்னொரு பை கட்டியிருந்தது. பிறகு அவர் தேத்தண்ணியை மறந்துவிட்டார். என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பல் செட்டைக் கழற்றிப் போடுகிற கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து.

காலையில் கண் விழித்ததும் என் கை போகிற இடம் தேயிலைத்தூள் டப்பா. அதனால் காலை மருந்து அதில். சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது கரண்டியில், கரண்டியைத் தொடாமல் சோறு போட முடியாது. சாப்பிட்டபிறகு போடுவது வெற்றிலைப் பெட்டியில், சாப்பிடாமல் நான் வெற்றிலை போடமாட்டேன். ராத்திரி மருந்து பல்லுக்கு அடியில். மருந்து கொடுக்கிற இடத்தில் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், வாயால் சொல்லச்சொல்ல, எது எங்கே போகும் என்று அங்கேயே மனத்துக்குள் முடிவு செய்துவிடுவேன். ஒரு மருந்தும் இதுவரைக்கும் மாறியதில்லை, தப்பியதும் இல்லை.

கொக்கி தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரியம்மன் சிலை கண் திறந்ததைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"அக்கா, ஞாபகமும் வேணாம், படிக்கவும் வேணாம். கை தானாப் போற எடத்துல மருந்து காத்துக்கிட்டு இருக்கு. நான் இத்தன வருசமா எவன் எவன் செஞ்ச சாமானையோ பார்த்துக்கிட்டு இருக்கேன். சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கு லா." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முகம் மாறியது. "அப்ப நீங்க அந்த லேபல…"

"தண்ணி கொதிக்குது, எறக்கு" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் காய்ச்சலைவிட அதுதான் பெரிய சூடு. இந்த ஆளின் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். ஊக்குக்கே வீடு வீடாகப் போனவர், இதை விட்டுவைப்பாரா? நாளைக்கே லயம் முழுக்கத் தெரியும். இனிமேல் நான் பத்திரிகையைப் பிரித்தால், இவள் நிஜமாகத்தான் வாசிக்கிறாளா என்று பார்ப்பார்கள். படுக்கையிலிருந்தே மாரியம்மன் படத்தைக் காட்டி, அதைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னேன். என் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது. தொட்டார். தொட்ட கையைச் சட்டென்று எடுக்கவில்லை. பக்தியால் இல்லை, இவ்வளவு நல்ல சாமானை யாரிடமும் காட்ட முடியாதே என்ற வருத்தத்தால்.

அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை, பெருமூச்சு வந்தது. சில நாள் கழித்துப் பெருமூச்சும் நின்று, ரம்பச் சத்தமும் சுத்தியல் சத்தமும் வந்தது.

எங்கள் தோட்டத்துக்கு அவ்வப்போது கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி ஒருத்தி வேனில் வருவாள். வயதானவர்களை ஹாலில் உட்காரவைத்துப் பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பாள். சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான், சிரித்த முகம். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. வேறு தோட்டத்தில் ஒரு பெரியவர் ராத்திரி மருந்தைக் காலையில் போட்டுக்கொண்டு ரோட்டில் விழுந்துவிட்டாராம். இங்கே யாருக்காவது மருந்து மாறுகிறதா, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றாள். எல்லாரும் கூரையைப் பார்த்தோம். எல்லாரும் லேபலை வாசித்துத்தான் போடுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றோம். அதில் என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து கொக்கி எழுந்தார்.

"மிஸ்ஸி, எனக்கு வாசிக்கத் தெரியாது."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம். பேக்டரி மெஷினோடு வந்த இங்கிலீசு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நட்டு பூட்டிய மனுஷன் அவர். லயத்துக்கு வருகிற கவர்மெண்ட் கடுதாசி எல்லாம் அவர் கையில்தான் பிரியும்.

கோவில் பொருளாளருக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா சொல்ற? போன வாரம் என் வீட்டுக் கடுதாசிய நீதானே வாசிச்ச?"

"அது சும்மா குத்துமதிப்பா சொன்னது" என்றார் கொக்கி. பொருளாளர் எழுந்து வீட்டுக்கு ஓடுவதா, உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

கொக்கி அதைக் கவனிக்கவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். நீலப் பெயிண்ட் அடித்த பலகை, வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு மேலே ஒவ்வொரு படம். படிக்கத் தெரியாத என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் வழி, மருந்துகளை எல்லாம் ஒரே பலகையில் தொங்கவிட்டுப் படத்தைப் பார்த்துப் போட வேண்டியதுதான் என்று விளக்கினார்.

எனக்கு முதலில் உயிர் வந்தது. என் பெயர் வரவில்லை. அடுத்த நிமிஷம் பலகையை நன்றாகப் பார்த்தேன். உயிர் போனது. என் சாமானைக் கொன்றுவிட்டார் பாவி. அது கை போகிற இடத்தில் இருந்ததால்தானே சாமான். அதைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாட்டினால், மறுபடி நின்று எது எது என்று தேட வேண்டுமே. படமாவது படமாக இருந்ததா? காலைக்கு ஒரு சூரியன், மத்தியானத்துக்கு ஒரு சூரியன். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

முன்வரிசையில் என் சிநேகிதி முனியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "கடைசில இருக்கறது என்னப்பா, வாழப்பழமா?"

"பிறைநிலா லா, சின்னம்மா."

முனியம்மாவுக்குக் காதும் பாதிதான். பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போடுவது கடைசி மருந்து என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவள் தலையை ஆட்டி மனப்பாடம் செய்துகொண்டாள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பலகையைப் பார்த்து இல்லை, கொக்கியைப் பார்த்து. இத்தனை நாள் துரை மாதிரி வாசித்தானே, இவனுக்கே தெரியாதாமே என்று. அவர் அந்தக் கோணல் நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் முனியம்மா வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு எந்த மருந்தைப் போடப் போகிறாளோ? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளதைச் சொன்னால், வயிற்றெரிச்சல். நான் செய்த ஒரு நல்ல காரியத்தை என் கண் முன்னாலேயே இப்படிக் கோணலாக்கிக் காட்டினால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? மானம் உட்கார் என்றது. ஆத்திரம் எழுப்பிவிட்டது.

"அந்தப் பலகையைக் கீழ போடு."

கொக்கி திரும்பினார். "அக்கா, வேணாம். உக்காருங்க" என்றார் மெதுவாக.

"நீ உக்காரு. மிஸ்ஸி, இவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. தமிழ் தெரியும், அந்த எழுத்து தெரியாது. இது நான் செஞ்சது. இவன் கெடுத்து வச்சிருக்கான்."

மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன். பாக்குக்குப் பக்கத்தில் மருந்துப் பை. ஒவ்வொன்றாகச் சொன்னேன், டப்பா, கரண்டி, பல் கிண்ணம். பல் கிண்ணத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனாலும் சொன்னேன். மிஸ்ஸி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

முதலில் பேசியது முனியம்மா. "எனக்கும் தெரியாதுடி. ஒங்கிட்டக் கேட்டா ஏசுவியேன்னு கேக்கல." பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் பார்த்தால் அந்த ஹாலில் வாசித்து மருந்து போடுகிற ஆள் கொக்கி ஒருவர்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நானும் மிஸ்ஸியும் வீடு வீடாகப் போனோம். விடிந்ததும் உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று கேட்டோம். முனியம்மாவுக்கு டிவி ரிமோட்டுக்கு. பொருளாளருக்கு மோட்டார் சாவிக்கு. இன்னொருத்தி யோசித்து யோசித்து, புருஷனைத் தட்டி எழுப்புவதற்குத்தான் என்றாள். அவர் தலைமாட்டில் தொங்கவிட்டோம். கொக்கி சுத்தியலோடு பின்னாலேயே வந்து, தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஒன்று அடித்தார். தேவைப்படாத இடத்திலும் அடித்தார்.

ஹாலில் அது நடந்த அன்றைக்குச் சாயங்காலமே நான் அவரை விடவில்லை. பின்வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டேன். ஏன் வாசிக்கத் தெரியாது என்று சொன்னாய், உனக்கென்ன கிறுக்கா என்று.

"ஒங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டீங்க. சாமான் நல்ல சாமான், காட்டாம இருக்க முடியல. யாரு பேராச்சும் வேணுமில்ல அக்கா."

"சரி. அதை ஏன் அப்படிக் கெடுத்த? ஒனக்கு நல்லது கெட்டது தெரியாதா?"

அவர் தரையைப் பார்த்தார். "அப்படியே கொண்டு போயிருந்தா வெத்தலப் பெட்டியும் கூட வந்திருக்கும்ல. இந்த லயத்துல வெத்தலப் பெட்டி வச்சிருக்கறது நீங்க ஒருத்திதான். தெரிஞ்சு போயிடும். அதான் பலகையா மாத்தினேன்." சட்டைப் பையிலிருந்த ஊக்கை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே, "செய்ய நேரமாகல அக்கா. கெடுக்கத்தான் மனசு வரல" என்றார்.

உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மங்குக் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இதன் காதை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள் அக்கா, சூடு விரலுக்கு வராமல் எடை மட்டும் விரலுக்கு வருகிற இடத்தில் வைத்திருக்கிறான் என்று ஆரம்பித்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது, அடுப்பில் எனக்கு வேலை கிடந்தது. நான் படியில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கிறவரைக்கும் கேட்டேன்.